வைத்தியலிங்கம் ஏறினால் வானம் வெளுக்கும்

அத்தியாயம் 5

“மாளிகப்பொறம், என் மிஷின நீங்கதான் கெடுத்தீங்க. கோவமா சொல்லல. சாந்தமா சொல்றேன்.”

வைத்தியலிங்கம் சாந்தமாகத்தான் சொன்னார். கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, வெறுங்கால். கார்த்திகை பிறந்த அன்று மாலை போட்டவர், சபரிமலைக்குப் போய் வரும்வரை கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. ஆண்பிள்ளைகளையெல்லாம் சாமி என்றும், பெண்களை மாளிகைப்புறம் என்றும்தான் கூப்பிட வேண்டும். வில்லியனூர் கடைத்தெருவில் அவருடைய மளிகை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், வசவு இல்லாமல் வேலையே ஓட மாட்டேனென்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவரால் சாந்தமாகக் குற்றம் சாட்டப்பட்ட சிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுது முடித்து, அதற்கும் மேலே போய், ஒரு துப்பறியும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தப் பெண் செல்வகுமாரி. வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். மாப்பிள்ளை குடிக்கிறானா என்று பார்த்துச் சொல்வதும், காணாமல் போன ஸ்கூட்டியைத் தேடுவதும்தான் பெரும்பாலும் பிழைப்பு. கூடவே மணிபாரதி. கல்யாண வீடுகளில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவன், வாயை அடக்க முடியாமல் ஒரு பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கிண்டல் செய்து அந்தத் தொழிலை இழந்தவன். இப்போது அவளுடைய உதவியாளன்.

“வாங்க சாமி, ஒக்காருங்க சாமி,” என்று வைத்தியலிங்கம் அவனுக்கு நாற்காலியைக் காட்டினார்.

மணிபாரதி உட்கார்ந்தான். செல்வகுமாரியின் பக்கம் சாய்ந்தான். “யக்கா, என் வாழ்க்கையில ஒரு முதலாளி என்னை சாமின்னு கூப்பிட்டு சேர் போட்டது இதான் மொதல் தபா. கேச கொஞ்சம் இழுத்தடிப்போம். மகரஜோதி வரைக்கும்.”

“வாய மூடு.”

“மூடிட்டேன் மாளிகப்பொறம்.”

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் முன்பு பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்த ஷெட் அது. இப்போது வாசலில் ‘வைத்தியலிங்கம் ஆகாய அனுபவ மையம்’ என்று போர்டு. உள்ளே பிளைவுட்டும் தகரமுமாக ஒரு விமானத்தின் மூக்கு மட்டும் நின்றது. அதற்குள் ஏறி உட்கார்ந்தால் நிஜ விமானி அறைதான்: கைப்பிடி, முள் சுற்றும் வட்டங்கள், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே பெரிய பெரிய திரைகளில் ஓடுதளமும் கடலும் வானமும் ஓடும். திரைகளைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்ததால், விமானி இருக்கையில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். வெளியே நிற்கிறவர்கள் பார்க்க ஹாலில் ஒரு டிவி உண்டு. விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா பொருத்தி, அவர் ஓட்டுவதை அந்த டிவியில் காட்டுவார்கள். பதிவும் செய்வார்கள்.

இத்தனையையும் ஒயர் ஒயராக இழுத்துக் கட்டி, திரையில் ஓடும் கடலையும் வானத்தையும் போட்டவள் சிந்து. கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். விமானப் பொறியியல் படித்தவள். டிவிக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து மழையை வரவழைப்பதும், எஞ்சினை நிறுத்துவதும், தேவைப்பட்டால் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதும் அவள் வேலை.

“கெட்டுப்போனது இன்னான்னு சொல்லுங்க,” என்றாள் செல்வகுமாரி.

“வானம்,” என்றார் வைத்தியலிங்கம். “நான் ஏறுனா வானம் வெளுத்துடுது மாளிகப்பொறம். கடலும் இல்ல, மேகமும் இல்ல. பாலு ஊத்துனா மாதிரி வெள்ள. இந்தப் பொண்ணு ஏறுனா நல்லா கீது. வேற யார் ஏறுனாலும் நல்லா கீது. நான் ஏறுனா மட்டும் வெள்ள. அப்ப இன்னா அர்த்தம்?”

“டிவியில வெள்ளையா தெரியுதா, உள்ள ஒக்காந்து பாத்தாலும் வெள்ளையா?”

“ரெண்டுந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அப்ப கண் டாக்டரத்தான் கூப்பிட்டிருக்கணும்,” என்றான் மணிபாரதி.

“சாமி கிண்டல் பண்றாரு,” என்று வைத்தியலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பழைய வைத்தியலிங்கமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருடைய காது சிவந்ததிலேயே தெரிந்தது.

சிந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள். “எனக்கு பெங்களூர்ல வேல கெடச்சிருக்குது மேடம். பெரிய கம்பெனி, நெஜ சிமுலேட்டர். திங்கக்கிழம ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் காட்டணும். வேலைக்கு சேர்றப்ப செக் பண்ணணும்னு சாமி வாங்குனாரு. இப்ப குடுக்க மாட்டேங்குறாரு. போற கோவத்துல நான்தான் அவருக்கு மட்டும் வானத்தக் கெடுத்து வெச்சிட்டேனாம். சரி பண்ணிட்டு வாங்கிக்கன்றாரு.”

“குடுக்க மாட்டேன்னு சொல்லலையே. பீரோவுல பத்திரமா கீது,” என்று வைத்தியலிங்கம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கறுப்பு வேட்டியில் சாவிக்கொத்து சத்தம் போட்டது.

செல்வகுமாரிக்கு உள்ளே என்னவோ சுர்ரென்றது. ஒருவருடைய செல்போனை எடுத்துப் பூட்டி வைத்தால் திருட்டு. படித்த பெண்ணின் சான்றிதழை எடுத்துப் பூட்டி வைத்தால் அதற்கு முதலாளித்தனம் என்று பெயர், ஸ்டேஷனில் எழுதிக்கூட வாங்க மாட்டார்கள். செல்வகுமாரியின் வீட்டிலும் அவள்தான் முதல் டிகிரி. அந்தக் காகிதம் கசங்கிவிடக் கூடாதென்று அவள் அம்மா அதை இருக்கிற ஒரே பட்டுப்புடவையின் மடிப்பில் வைத்திருந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட அந்தப் புடவையை எடுத்து உடுத்தாமல் நைலக்ஸில் போய் வந்தாள்.

“உங்கப்பா அத லேமினேட் பண்ணாரா?” என்று சிந்துவைக் கேட்டாள்.

“வந்த அன்னிக்கே.”

“பண்ணாம இருப்பாங்களா.” அவள் எழுந்தாள். “சரி சாமி. வானத்த நான் சரி பண்ணித் தர்றேன். பண்ணிட்டா பீரோவத் தொறக்கணும்.”

“அய்யப்பன் மேல ஆணையா தொறக்கறேன்.”

சிந்து தான் செய்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். கம்ப்யூட்டரில் வெளிச்சத்துக்கென்று ஒரு அளவு உண்டு. வெயில் அதிகம் என்று நினைத்து அதைக் குறைத்தாள். அவருக்கு வெள்ளை. இன்னும் குறைத்தாள். வெள்ளை. சூரியனை மேகத்துக்குள் தள்ளினாள். அப்போதும் வெள்ளை. கடைசியில் மிஷினிலிருந்த சாப்ட்வேரையே மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றி, வெளிச்சத்தை அதே குறைவில் வைத்தாள். வைத்தியலிங்கம் ஏறினார், வானம் வெளுத்தது.

வாசல் பெஞ்சில் ஒரு கல்லூரி மாணவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அரிகரன் என்று பெயர். மடுகரையிலிருந்து வந்து பழகுகிறவன்.

“தம்பி, உனக்கு வானம் எப்பிடித் தெரியுது?”

“டிவியில நல்லாத்தான் வருது மேடம். ஆனா உள்ள ஒக்காந்தா இப்பல்லாம் கொஞ்சம் மங்கலா இருக்குது. காலைல ஓட்டுனாக்கூட சாயங்காலம் மாதிரி. போன மாசம் பளிச்சுன்னு இருந்துது.”

“நான் வெளிச்சத்தக் கொறச்சேன் இல்ல, அதான்,” என்றாள் சிந்து.

செல்வகுமாரி மணிபாரதியை ஷெட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே ஷிப்டு விட்டுப் போகிற கூட்டம் சைக்கிளும் குடையுமாகக் கடந்தது.

“ஒரே வானம்டா. இந்தப் பையனுக்கு மங்கல். அவருக்கு வெள்ள. எப்பிடி?”

“பணக்காரங்களுக்குத் தனி வானம் யக்கா. நாம ரேஷன் வானம்.”

“வெளையாடாத. மங்கலா கீற வானம் ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் எப்பிடிப் பாலா ஊத்தும்?”

“மாலை போட்டுருக்காரு. ஜோதி தரிசனம் முன்னாடியே குடுத்துட்டாரோ இன்னாவோ.”

செல்வகுமாரி அவனை முறைத்தாள். முறைப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் அந்த நிறுத்தம் வந்தால் மணிபாரதி பேச மாட்டான். கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் மைக்கை அணைப்பானே, அப்படி.

“மாலை எப்ப போட்டாரு?”

“கார்த்திகை ஒண்ணு. ஊருக்கே தெரியுமே.”

“வானம் எப்ப வெளுத்துது?”

அவன் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தான்.

இருவரும் உள்ளே போனார்கள். செல்வகுமாரி பழைய பதிவுகளைப் போடச் சொன்னாள். டிவியில் போன மாதத்து வைத்தியலிங்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. கடைத்தெருவில் அவரை அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அகலமான முதுகுக்கு அந்தப் பக்கம் வானம் நீலமாக, கடல் கரும்பச்சையாக, புதுச்சேரி விமான நிலையத்தின் லாஸ்பேட்டை ஓடுதளம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது. அடுத்து இந்த மாதத்துப் பதிவு. அதே ஓடுதளம். கேமராவும் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

“சாமி குத்தமா இருக்குமோன்னு கூட நெனச்சேன்,” என்று வைத்தியலிங்கம் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். “வெரதத்துல இருக்கும்போது ஆகாசத்துக்கெல்லாம் ஏறக் கூடாதோன்னு.”

“மணி, ஒன் ரெயின்கோட்ட எடுத்து மாட்டு.”

“உள்ளாற மழை பெய்யாது யக்கா.”

“மாட்டுடா. மாட்டிக்கினு உள்ள ஏறி ஒக்காரு.”

தலையோடு மூடும் கறுப்பு ரெயின்கோட். அதை மாட்டிக்கொண்டு, நீர் சொட்டச் சொட்ட மணிபாரதி விமானத்தின் மூக்குக்குள் நுழைந்தான். சிந்து மேஜையிலிருந்து விமானத்தைக் கிளப்பினாள். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள்.

கறுப்பு முதுகு ஒன்று திரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு நொடி வானம் நீலமாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, மேகம் கரைந்து, கடல் கரைந்து, கடைசியில் பால்.

வைத்தியலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா. என் கண்ணு நல்லாத்தான் கீது. சாமிக்கும் வெள்ளையா வந்துடுச்சி.”

“மணி,” என்று செல்வகுமாரி குரல் கொடுத்தாள். “கண்ணாடிக்கு வெளிய இன்னா தெரியுது?”

“கடலு யக்கா.” உள்ளேயிருந்து அவன் குரல் டிரம்முக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. “நீலமா, அம்சமா கீது. கொஞ்சம் மங்கல்தான். ஒரு கப்பல் வேற நிக்கிது. இத வுட்டுட்டு நான் ஏன் யக்கா உன்னோட கல்யாண வூடு கல்யாண வூடா மாப்பிள்ளய மோந்து பாத்துக்கினு சுத்தறேன்?”

டிவியில் வெள்ளை. கப்பல் இல்லை, கடலும் இல்லை.

சிந்து ஓடிப்போய்க் கறுப்புத் துணியை விலக்கித் தலையை உள்ளே நீட்டினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. “நீலமாத்தான் இருக்குது மேடம்.”

“மணி, ரெயின்கோட்டக் கழட்டு.”

உள்ளே கொஞ்ச நேரம் சரசரப்பு. கறுப்பு போய், மணிபாரதியின் சந்தனக் கலர் சட்டை தெரிந்தது. டிவியில் வானம் மெதுவாக நிறம் பிடித்தது. முதலில் கடல், அப்புறம் மேகம், கடைசியில் அந்தக் கப்பல்.

“கேமராவுக்குப் புத்தி கெடையாது சாமி,” என்றாள் செல்வகுமாரி. “அது முன்னாடி இன்னா பெருசா நிக்குதோ அதுக்குத்தான் வெளிச்சம் போடும். போன மாசம் வெள்ளச் சட்ட. பாத்துது, வெளிச்சம் போதும்னு சும்மா இருந்துச்சி. இப்ப கறுப்புச் சட்ட, கறுப்பு வேட்டி. ஏற்கெனவே உள்ள பூரா கறுப்பு பெயிண்டு. அய்யோ, இருட்டாயிடுச்சேன்னு வெளிச்சத்த அள்ளிக் கொட்டுது. உங்க முதுகு நல்லாத் தெரியும். அதுக்குக் கூலியா வானம் வெளுத்துடும். சிந்து கம்ப்யூட்டர்ல கொறைக்கக் கொறைக்க, இது அந்தப் பக்கம் ஏத்திக்கினே போயிருக்குது.”

“அய்யப்ப சாமிய ஒரு கேமரா பழி வாங்கிடுச்சி,” என்று மணிபாரதி வெளியே வந்தான். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது.

சிந்து அதற்குள் கேமராவிடம் போய்விட்டாள். அதன் சிறு திரையில், கண்ணாடி தெரிகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். ஒரு பூட்டுக் குறி விழுந்தது. இனி எவர் எந்தச் சட்டையில் வந்து உட்கார்ந்தாலும் அது வானத்தை மட்டும்தான் பார்த்து அளக்கும். பிறகு மேஜைக்கு வந்து, தான் குறைத்த வெளிச்சத்தைப் பழையபடி ஏற்றினாள். அவ்வளவுதான் வேலை. இதற்காக மிஷினையே அழித்து மறுபடி ஏற்றியவள், கீபோர்டை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள்.

“கேமராவ நான் நெனைக்கவே இல்ல மேடம். உள்ளயும் வெள்ளையா இருக்குதுன்னு சாமி சொன்னாரு. சொன்னதால கம்ப்யூட்டர்லயே தேடிக்கினு இருந்தேன்.”

அதுதான். செல்வகுமாரி அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள்.

“தம்பி, முக்குக் கடையில டீ சொல்லிட்டு வா,” என்று அரிகரனை அனுப்பினாள். அவன் தலை மறைந்ததும் ஒரு நாற்காலியை இழுத்து வைத்தியலிங்கத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“சாமி. கேமராதான் வெள்ளையா பாத்துச்சி. உள்ள ஒக்காந்த யாருக்கும் வெள்ளையா தெரியல. தெரியவும் தெரியாது. நீங்க மட்டும் உங்க ரெண்டு கண்ணால பாத்தேன்னீங்க.”

வைத்தியலிங்கம் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி மாலை போட்டுருக்கீங்க,” என்றாள் அவள், அவரைவிடச் சாந்தமாக.

ஷெட்டின் தகரக் கூரையில் தூறல் கேட்டது.

“பாக்கல,” என்றார் வைத்தியலிங்கம்.

“இன்னா பாக்கல?”

“எதையுமே பாக்கல. கண்ண மூடிக்குவேன்.” குரல் மண்டிக்காரர் குரல் இல்லை. “எங்க வூட்டு மொட்ட மாடிக்குக் கூட நான் ஏற மாட்டேன் மாளிகப்பொறம். தல சுத்தும். தீபாவளிக்கு வெடி வெக்கறதுக்கு மச்சான்தான் ஏறுவாரு. இது பொம்ம ஏரோப்ளேன்தானே, தரையிலதானே கீதுன்னு நெனச்சி வாங்கிட்டேன். ஏறி ஒக்காந்தா ஓடுதளம் தடதடன்னு வருது. மூக்கு மேல தூக்குது. அய்யப்பான்னு கண்ண மூடிக்குவேன். எறங்கனப்பறம் தொறப்பேன். டிவியில போட்டுக் காட்டுனாங்க, வெள்ளையா இருந்துச்சி. சரி, உள்ளயும் அப்பிடித்தான் இருந்திருக்கும்னு சொல்லிட்டேன்.”

மணிபாரதிக்கு அதற்கு மேல் முடியவில்லை. “போன மாசம் வெள்ளச் சட்டையில ஓட்டுனீங்களே, அப்பவுமா?”

“அப்பவும்தான்.”

“அப்ப ஏரோப்ளேன எறக்கனது யாரு சாமி? அய்யப்பனா?”

செல்வகுமாரி மெல்லத் தலையைத் திருப்பினாள். சிந்து கம்ப்யூட்டர் மேஜையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயா?”

“கைப்பிடிய வுட்டுட்டாருன்னு இங்க தெரியும் மேடம். வானத்துலயே சுத்திக்கினு இருக்கும். கடைத்தெருக்காரங்க எல்லாம் டிவி முன்னாடி நின்னுக்கினு இருப்பாங்க. அவரு விழுந்தா அசிங்கமாயிடும். நான் இங்கருந்து எடுத்து எறக்கிடுவேன். ஓட்டத் தெரியலன்னுதான் நெனச்சேன். கண்ண மூடிக்குவாருன்னு தெரியாது.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஒவ்வொரு தடவையும்.”

செல்வகுமாரிக்குக் கோபம் இப்போதுதான் முழுசாக வந்தது. ஒரு மனுஷனை அவன் ஊர் முன்னால் விழாமல் தினம் தினம் தாங்கிப் பிடித்தவளின் சான்றிதழ், அந்த மனுஷனின் இடுப்புச் சாவிக்குள் இருந்தது. நல்லா கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வைத்தியலிங்கம் முந்திக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“இன்னா தெரியும்?”

“இந்தப் பொண்ணுதான் எறக்குதுன்னு. கண்ண மூடிக்கினு கைய வுட்டவனுக்கு ஏரோப்ளேன் தானா எறங்குமா? அவ்ளோ மடையனா நானு?” அவர் சிந்துவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “பெங்களூர் போறேன்னு சொல்லிச்சி. எப்பிடித் தடுக்கறதுன்னு பாத்தேன். வானம் வெளுத்துடுச்சேன்னு ஒரு சாக்கு கெடச்சுது. புடிச்சிக்கினேன்.”

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். பீரோ கதவு கிறீச்சிட்டது. திரும்பி வரும்போது கையில் பிளாஸ்டிக் கவர். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, எல்லாம் லேமினேட் செய்து பளபளத்தன. சிந்து கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தேங்க்ஸ் சொல்லவில்லை. செல்வகுமாரிக்கு அது பிடித்திருந்தது.

“வண்டிய எடு மணி.”

வாசல்வரை வந்துவிட்டார்கள். பின்னால் வெறுங்கால் சத்தம். வைத்தியலிங்கம் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சிந்தும்மா.” மாளிகைப்புறம் மறந்துபோயிருந்தது. “நாளைக்கு மண்டிக்காரங்க எல்லாம் குடும்பத்தோட வர்றாங்க. நீ போய்ட்டா என்னை யாரும்மா எறக்குவாங்க?”

சிந்து திரும்பினாள். அவள் திட்டப் போகிறாள் என்று செல்வகுமாரி நினைத்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

“கண்ணத் தொறந்து வெச்சிக்கங்க சாமி,” என்றாள் சிந்து. “கடல் நல்லாத்தான் இருக்கும். நானே போட்டது.”